பின் இல்லாமல் நிற்கும் பூ

வீரபாண்டி, திருப்பூர்.
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அனுசுயாவுக்கு,

உன் ஜெயசுதா எழுதுவது. இங்கே நான் நலம், தாராபுரத்தில் நம் கிருத்திகா நலம், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை நலம், நீ நட்டுவிட்டுப் போன செடியும் நலம். கூடலூர்க் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அவருக்குக் கால்வலி இப்போது எப்படி இருக்கிறது? டீ ஃபேக்டரியில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா, உட்கார ஒரு ஸ்டூலாவது தருகிறார்களா என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உங்கள் மலையில் டவர் இருந்தால் கரண்ட் இருப்பதில்லை, கரண்ட் இருந்தால் டவர் இருப்பதில்லை. அதோடு, இந்த விஷயத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குக் கிடைக்காத வசதி அது.

முதலில் நல்ல சேதி. கார்த்திகை பிறந்து வருகிற முதல் புதன்கிழமை கிருத்திகாவுக்குக் கட்டுச்சோறு வைத்திருக்கிறோம். தாராபுரத்தில், மாப்பிள்ளை வீட்டில். எங்கள் வழக்கம் நீ பார்த்ததுதான். பெண் வீட்டார் வகைவகையாய்ச் சோறு கட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் விருந்து வைத்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும். புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் என் பொறுப்பு. மற்றதை என் அண்ணி பார்த்துக்கொள்கிறாள். முதல் வளையலையும் அவளே போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

கிருத்திகா அப்பா முருகேஷ் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் நடக்கிற நல்லது எல்லாவற்றுக்கும் அண்ணிதான் முன்னால் நிற்கிறாள். குறை சொல்லவில்லை, நல்ல மனசுக்காரி. கிருத்திகா கழுத்தில் தாலி ஏறினபோது நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பந்திக்குப் பின்னால் வாழை இலை கழுவிக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கம்பெனி செக்கிங்கில் பிழை இருக்கிற துணி மேல் சின்னதாக அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அடுத்தவர் ஒட்டுவதற்குள் நானே எடுத்து என் மேல் ஒட்டிக்கொண்டேன். இந்தக் கட்டுச்சோறு அன்றைக்கும் அப்படியே சமையல்கட்டுப் பக்கம் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பெற்ற பெண்ணுக்கு ஒரு வளையல் போட முடியவில்லையே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அது வேறு விஷயம்.

இப்போது செடி சேதி. நீ ஊருக்குப் போய்விட்டு மஞ்சள் பையில் அந்தக் கிழங்கைச் சேற்றோடு கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் இஞ்சி என்று நினைத்து, தட்டி டீயில் போடப் போனேன். ஐயோ சுதா, இது பூ இஞ்சி, எங்கள் ஓடைக்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும், பூ வாசம் ஊரைக் கூட்டும் என்று பிடுங்கிக்கொண்டாய். இந்த வரிசை வீட்டில் நடுவதற்கு ஒரு சாண் மண் ஏது? எல்லா வீட்டுத் துவைகல் தண்ணீரும் போய்ச் சேர்கிற சலதாரை ஓரத்தில் கொண்டு போய்ச் சொருகினாய். வீட்டுக்கார செல்லாத்தாள் ஆத்தா, புதர் மண்டினா பாம்பு வந்துருமுங்க, அப்பறம் ஆரு பதில் சொல்றது என்று சண்டைக்கு வந்தார்.

அந்த ஆத்தாவை இப்போது நீ பார்க்க வேண்டும். நாம் ஊற்றுகிற சோப்புத் தண்ணீரைக் குடித்தே செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, சலதாரை நெடுக அடைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்குவதில்லை, முன்பு மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவோமே, அந்த நாற்றமும் குறைந்துவிட்டது. ஆத்தாவே இலையை நறுக்கிக்கொண்டு போய் அதில் கொழுக்கட்டை வைத்து வேக வைக்கிறார். தொட்டால் மெல்லிசாக ஒரு இஞ்சி வாசம் வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. கிழங்கை அரைத்துச் சுட வைத்து முழங்காலில் பற்றுப் போட்டுக்கொள்கிறார். வலி போகிறதோ இல்லையோ, பற்றுப் போட்ட அன்று வாடகை கேட்கிற குரலில் கொஞ்சம் இனிப்பு இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களிடம், செடியை நட்டதே தான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பூ இஞ்சி என்றால் இங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை. எல்லாருக்கும் அது அனுசுயாப் பூ.

சாயங்காலம் ஆனால் வெள்ளை வெளேரென்று விரிந்துவிடுகிறது. ஒன்றைப் பறித்து முருகேஷ் படத்துக்கு வைப்பேன். மற்றதெல்லாம் வரிசை வீட்டுப் பெண்களுக்கு. எனக்கு வாசம் மட்டும் போதும் என்று இருந்தேன், போன மாதம் வரைக்கும்.

கம்பெனியில் என்ன நடந்தது என்று கேள். நாங்கள் இப்போது வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான உள்சட்டைதான் தைக்கிறோம். குழந்தைத் துணி என்பதால் ஏகக் கெடுபிடி. ஒரு ஊசி முனை துணியில் இருந்தாலும் மெட்டல் டிடெக்டர் மெஷின் கத்தும். அதனால் ஊக்கு, ஹேர்பின் எதையும் மாட்டிக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பின் இல்லாமல் மல்லிகைச் சரம் தலையில் எப்படி நிற்கும்? நம் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பார். துணியில் விலைச்சீட்டு மாட்டுகிற டேக் கன் இருக்கிறதல்லவா, அதை எடுத்து ஒருத்தி தலையில் ஒருத்தி பூவை வைத்துச் சுட்டுக்கொண்டார்கள்! அது பிளாஸ்டிக் நரம்புதானே, மெஷின் கத்தாது. சாயங்காலம் நூல் நறுக்குகிற டிரிம்மரால் நறுக்கி எடுப்பார்கள், பூவோடு கொஞ்சம் முடியும் போகும். லைன் சூப்பர்வைசர் ஆயிற்றே, நான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். துணிக்கு மட்டுந்தான் டேக்குங்களாக்கா, எங்களுக்கும் ஒரு விலை போட்டு அனுப்புங்க என்று சிரித்தார்கள். என் முன்னால் நிறுத்தினார்கள், மறுநாள் நான் வருவதற்கு முன்பே சுட்டு முடித்திருந்தார்கள்.

சரக்கு வாங்குகிற பையர் பக்கத்து ஆள் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வந்தார். ஒரு உள்சட்டையின் அக்குள் மடிப்பில் நறுக்கின நரம்புத் துண்டு ஒன்று, அதன் நுனியில் காய்ந்த மல்லிகை மொட்டு. பச்சைக் குழந்தையின் உடம்பில் குத்தியிருக்கும், வாயில் போட்டிருக்கும். அந்த லாட் முழுவதையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து பார்த்தோம்.

மறுநாள் மேனேஜர் சதீஷ்குமார் எல்லாரையும் நிற்க வைத்தார். சின்ன வயசு, நல்ல பையன், ஆனால் பேசிவிட்டு யோசிக்கிற ரகம். இனி ஒரு பூவும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்றார். முணுமுணுப்பு கிளம்பியது. வெள்ளகோவிலில் இருந்து வருகிற கீர்த்தனா, வைகாசியில்தான் கல்யாணம் ஆனவள், வெள்ளிக்கிழமை கூட வெறுந்தலையோடயாங்க சார் என்று கேட்டாள். அவர் உடனே என்னைக் கை காட்டினார். ஜெயசுதாக்காவைப் பாருங்க, இத்தனை நாள்ல ஒரு தடவையாவது பூ வெச்சுட்டு வந்திருக்காங்களா, எல்லாரும் அவங்க மாதிரி வாங்க, பிரச்சினையே இல்லை என்றார். பாராட்டுகிறாராம்.

கீர்த்தனா வாயிலிருந்து பட்டென்று வந்துவிட்டது. ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார், அக்கா மாதிரி எங்களுக்கு ஆக வேண்டாமுங்க என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் ரெண்டு மூன்று பேர் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எல்லாரும் என்னோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்து தின்கிறவர்கள், அனு. நான் கையிலிருந்த சட்டையில் தையல் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கண்ணில் எதுவும் தெரியவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மேனேஜர் மேல் வந்தது, கீர்த்தனா மேல் வந்தது, கடைசியில் முருகேஷ் மேல் வந்து நின்றது. பல்லடம் ரோட்டுக்குத்தானே போகிறேன் என்று ஹெல்மெட்டை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போன மனுஷன். அந்த ஒரு ஹெல்மெட்டைப் போட்டிருந்தால் இந்தப் பேச்சு எனக்கு எதற்கு?

வீட்டுக்கு வந்து கால் கழுவப் போனேன். செடி முழுக்கப் பூ. ஒன்றைப் பறித்துப் பார்த்தேன். பூவுக்குக் கீழே விரல் நீளத்துக்கு மெல்லிய குழல் மாதிரி காம்பு இருக்கிறதே, அதை நீ பின்னலுக்குள் அப்படியே சொருகிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாய். பஸ்ஸில் இடிபட்டு மிதிபட்டு இறங்குவோம், நம் சேலை கசங்கியிருக்கும், உன் தலையில் பூ மட்டும் அசையாமல் இருக்கும். நாரும் வேண்டாம், நூலும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அடிப்பாவி, கையிலேயே வைத்துக்கொண்டா இத்தனை பேர் தலையை மொட்டையாக்கப் பார்த்தோம் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் திருப்பூர்க்காரர் அல்லவா, கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை, சாம்பிள் காட்டுங்கக்கா. இங்கே ஒரு பட்டனோ ஒரு நூலோ சாம்பிள் போட்டு அப்ரூவல் வாங்காமல் உள்ளே வராது, பூவுக்கு மட்டும் விதிவிலக்கா? ஷிஃப்ட் முழுக்க ஒருவர் தலையில் பின் இல்லாமல் நிற்க வேண்டும், இதழ் உதிரக் கூடாது, வெள்ளைத் துணியில் தேய்த்தால் கறை நிற்கக் கூடாது என்றார். யாருக்கு வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டேன். நீங்களே வெச்சுக் காட்டுங்கக்கா, உங்களைத்தான் நம்ப முடியும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு என் தலை ஒரு சாம்பிள் பீஸ், அவ்வளவுதான். முந்தின நாள் அந்த மனுஷன் பேசினதுக்கு எவ்வளவு கோபமோ, அன்று அதே மாதிரி யோசிக்காமல் பேசினதுக்கு அவ்வளவு நன்றி எனக்கு. யோசித்திருந்தால் வேறு யாரையாவது சொல்லியிருப்பார். நானும் யோசித்தால் மாட்டேன் என்றுவிடுவேன் என்று பயந்து, சரிங்க சார் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் மொட்டாகத்தான் கொண்டு போனேன். உடை மாற்றும் அறையில் கீர்த்தனா நின்றிருந்தாள், கண் வீங்கியிருந்தது. நான் பின்னி விடறனுங்கக்கா என்று வந்தாள். நாலு வருஷமாகக் கொண்டைதான் எனக்கு. அவள் அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள். மன்னிச்சுக்கோங்க என்றாள். முடியை இழுக்காமல் பின்னு, மன்னிக்கிறதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். காம்பை உள்ளே சொருகினாள். அந்தக் காம்பு கழுத்துப் பக்கம் சில்லென்று பட்டபோது எனக்கு உடம்பே கூசிவிட்டது, அனு. திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது, பிடித்தும் இருந்தது.

காலையில் அது வெறும் பச்சை மொட்டு, யாரும் கவனிக்கவில்லை. நானும் வேலையில் மறந்துவிட்டேன். சாயங்கால டீக்குக் கொஞ்சம் முன்னால், மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசம் கிளம்பியது. முதலில் பக்கத்து டேபிள் பெண் தலையைத் தூக்கினாள், அப்புறம் அடுத்த டேபிள். எங்கே என்று எல்லாரும் தேடினார்கள். கீர்த்தனாதான் கத்தினாள், அக்கா, உங்க தலையில பூத்திருச்சுங்க! எனக்கு எப்படித் தெரியும், பின்னந்தலையில் அல்லவா இருக்கிறது? கையைக் கொண்டு போய்த் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்தான் எழுந்து வந்து சுற்றி நின்று, குனியுங்கக்கா, நாங்களும் முகர்ந்து பார்க்கறோம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று அதட்டினேன்.

மேனேஜர் வந்து என்னைத் தலையை ஆட்டச் சொன்னார், குனிந்து பெட்டி தூக்கச் சொன்னார். பூ அசையவில்லை. இதழை வெள்ளைத் துணியில் தேய்த்தார். மங்கலாக ஒரு கறை விழுந்தது, சோப்புப் போட்டதும் போய்விட்டது. அப்ரூவ்டு என்றார். பின்னும் நூலும் இல்லாத பூவுக்கு மட்டும் அனுமதி என்று போர்டில் எழுதிப் போட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் துணிப்பை நிறைய மொட்டுக் கொண்டு போகிறேன். கேட்டில் சோதனை போடுகிற குப்பாயி அக்கா பையைத் திறந்து, தனக்கு ஒன்று எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுகிறாள். கீர்த்தனா கிழங்கு கேட்டாள், ஒரு கொத்துப் பிடுங்கிக் கொடுத்தேன். வெள்ளகோவிலில் அவள் மாமியார் வீட்டுச் சலதாரையிலும் இப்போது உன் செடி முளைத்திருக்கிறது. அப்ரூவல் ஆன சாம்பிளை லைனிலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தச் சாம்பிள் நான்தானாம். அதைச் சொல்லிச் சொல்லியே தினமும் யாராவது ஒருத்தி எனக்கும் ஒன்று சொருகிவிடுகிறாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முருகேஷ் போன அன்று நீ எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, என் வீட்டுத் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டாய். அதற்கே நான் நன்றி சொல்லவில்லை. நீ மஞ்சள் பையில் கொண்டு வந்த கிழங்கு இன்றைக்கு எங்கள் லைன் பெண்கள் தலையில் இருக்கிறது, அவர்கள் நடுவில் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். இதற்காவது சொல்கிறேன். நன்றி, அனு. நன்றாக இரு.

ஆனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பஸ் நம் வீதி முனைக்கு வருவதற்கு முன்னால் பூவைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுக்கொள்கிறேன். தினமும். அங்கே சாம்பிள் என்று ஒரு சாக்கு இருக்கிறது. வீதியில் என்ன சொல்வது?

போன வாரம் கிருத்திகா போனில், முதல் வளையல் அத்தை போடுவாங்க சரி, நீ எப்பம்மா போடுவே என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. நேற்றுத்தான் முடிவு செய்தேன். அந்தப் புதன்கிழமை முதல் வளையலை நான் போடப் போகிறேன். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் சம்மதிப்பாள் என்று நினைக்கிறேன். சம்பந்தியம்மா முகம் எப்படிப் போகும் என்று தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். தாராபுரத்தில் நான் யாருக்கும் சாம்பிள் இல்லை, சூப்பர்வைசர் இல்லை. அவளுக்கு அம்மா. அதை மட்டும் சொல்லிக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். தனியாக அந்தத் தைரியம் எனக்கு வராது.

அதனால் நீ முந்தின நாளே வந்துவிடு. உன் வீட்டுக்காரருக்கு ரெண்டு நாள் சோற்றுக்கு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு வா, நான் சொன்னேன் என்று சொல். உங்கள் குடும்பத்துக்கு முருகன் ஒரு குறையும் வைக்க மாட்டான். காலையில் மொட்டுப் பறித்து வைக்கிறேன், நீயே பின்னி, நீயே சொருகிவிடு. தாராபுரம் போகிற வழி முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அந்த வீட்டு வாசல் வந்ததும் என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும். அப்போது ஒரு அடி போட்டு, கையைக் கீழே இறக்கிவிடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஜெயசுதா